ஜவுளிக்கடையில் நிற்பவர்களுக்கு: உடம்பையும் சம்பளத்தையும் காப்பாற்றிக்கொள்ளும் வழி

தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடை, மூன்றாவது மாடி, பட்டுப்புடவை செக்ஷன். ஒன்பது வருஷம் அங்கே நின்றேன். 'வேலை பார்த்தேன்' என்று எழுதத்தான் நினைத்தேன், ஆனால் அந்த ஒன்பது வருஷத்தை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது என் இரண்டு கால்கள்தான். இப்போது ஊருக்குத் திரும்பி ஒரு சின்னக் கடையில் பில் போடுகிறேன். ஒவ்வொரு வருஷமும் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் எங்கள் பக்கத்திலிருந்து பிள்ளைகள் ஒரு பையோடு சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் பஸ் ஏறுகிறார்கள். "தங்க இடம், சாப்பாடு, மாதச் சம்பளம்" என்று சொல்லித்தான் கூட்டிப் போகிறார்கள். அவர்களுக்காகவும், ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். வேலையை உடனே விடு என்று சொல்ல எனக்கு மனசு வராது, ஏனென்றால் வீட்டில் அந்தப் பணத்தை நம்பி யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். இருக்கிற வரைக்கும் எப்படி இருப்பது, போகும்போது எதை விடாமல் வாங்கிக்கொண்டு போவது என்பதுதான் இது.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

சேர்ந்த அன்றைக்கே ஒரு 40 பக்கக் குட்டி நோட்டு, யூனிஃபார்ம் பாக்கெட்டுக்குள் போகிற அளவில். செல்போனில் எழுதிக்கொள்ளலாமே என்று நினைப்பீர்கள், ஆனால் பல கடைகளில் காலையில் வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள், ராத்திரிதான் கையில் வரும். அதற்குள் பாதி மறந்துவிடும்.

தினமும் நாலே விஷயம். எத்தனை மணிக்கு உள்ளே போனீர்கள், சாப்பாட்டுக்கு எப்போது விட்டார்கள், எத்தனை மணிக்கு வெளியே வந்தீர்கள், அன்றைக்கு ஏதாவது பிடித்தம் சொன்னார்களா. என் பழைய நோட்டில் ஒரு ஆடி மாதப் பக்கம் இப்படி இருக்கிறது: "உள்ளே 9.10. சாப்பாடு 3.20, திரும்ப 3.45. வெளியே 10.25. ஃபைன் 50, அஞ்சு நிமிஷம் லேட்." காலையில் அஞ்சு நிமிஷம் தாமதத்துக்கு அபராதம் போட்டவர்கள், ராத்திரி ஒரு மணி நேரம் கூடுதலாக நிறுத்தி வைத்ததை எங்கேயும் எழுதவில்லை. நான் எழுதி வைத்திருந்தேன். அப்போது கோபத்தில்தான் எழுதினேன், பின்னால் அது எவ்வளவு உதவப் போகிறது என்று தெரியாது.

நோட்டைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். வாரம் ஒரு நாள், லீவு அன்றைக்கு, பக்கத்தை போட்டோ எடுத்து வீட்டில் நம்பிக்கையானவர் ஒருவருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள். தேதியோடு அங்கேயே கிடக்கும். கூடவே வேலையில் சேரும்போது பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு அசல் சான்றிதழ்களைக் கேட்டால் நகலைக் கொடுங்கள், "அசலைக் காட்டுகிறேன், பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். அசலை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளும் கடை, நீங்கள் போகவேண்டும் என்று நினைக்கும் நாளில் என்ன செய்யும் என்று அன்றைக்கே தெரிந்துகொள்ளலாம். வேலை நியமனக் கடிதம் கேளுங்கள். தரவில்லை என்றால் அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள், சம்பளம் பேங்கில் விழுந்தால் அந்த வரியே நீங்கள் அங்கே வேலை பார்த்ததற்குச் சாட்சி.

எட்டு மணி நேரம் என்பது சும்மா பேச்சு இல்லை

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லிருந்து இருக்கிறது. நம் பாட்டி காலத்துச் சட்டம். அதில் கடை ஊழியருக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. கூடுதல் நேரம் வாங்கினாலும் ஒரு நாளைக்கு மொத்தம் 10 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. தொடர்ந்து 4 மணி நேரம் வேலை செய்தால் ஒரு மணி நேரம் ஓய்வு தரவேண்டும். இடைவேளையெல்லாம் சேர்த்து, காலையில் உள்ளே போனதிலிருந்து ராத்திரி வெளியே வருவது வரை 12 மணி நேரத்துக்கு மேல் இழுக்கக்கூடாது. கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் இரண்டு மடங்கு. வாரத்தில் ஒரு நாள் லீவு.

இதை ஒரு தடவையாவது உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். மாதம் 13,000 ரூபாய் சம்பளம் என்று வையுங்கள். 26 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 500. எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 62 ரூபாய் 50 காசு. அதன் இரண்டு மடங்கு 125. ஓய்வு நேரம் போக தினமும் 11 மணி நேரம் நின்றால், கூடுதலான மூன்று மணி நேரத்துக்கு 375 ரூபாய். மாதத்துக்கு 9,750. நான் முதன்முதலில் ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டபோது, தப்பாகப் போட்டுவிட்டோம் என்று நினைத்து மூன்று தடவை திருப்பிப் போட்டேன். அந்தப் பணம் நாளைக்கே கைக்கு வந்துவிடும் என்று சொல்லவில்லை, ஆனால் நம்மிடமிருந்து போவது என்ன என்று ரூபாய்க் கணக்கில் தெரிந்திருக்க வேண்டும். "தீபாவளி சீசன்மா, எல்லாரும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்று சொல்லும்போது எதை அட்ஜஸ்ட் பண்ணச் சொல்கிறார்கள் என்று அப்போது புரியும்.

லீவுக்கும் கணக்கு இருக்கிறது. இதே சட்டத்தில் ஒரு வருஷம் முடித்தவருக்கு 12 நாள் சம்பளத்தோடு விடுமுறை. அது போக நோய்க்கு 12 நாள், தற்செயல் விடுப்பு 12 நாள், இவை இரண்டும் முதல் வருஷத்திலேயே உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாலும், பண்டிகை நாள் ஐந்தும் சம்பளத்தோடு விடுமுறை. அன்றைக்கு வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், இல்லாவிட்டால் அன்றைய சம்பளமும் மாற்று விடுமுறையும். குறைந்தபட்ச ஊதியமும் கடை ஊழியருக்குத் தனியாக அரசு நிர்ணயித்திருக்கிறது, அதில் அகவிலைப்படி ஒவ்வொரு ஏப்ரல் 1-ஆம் தேதியும் மாறும். தொழிலாளர் துறை இணையதளத்தில் அந்த வருஷத்துப் பட்டியல் இருக்கும். உங்கள் ஊருக்கு, உங்கள் வேலைக்கு எவ்வளவு என்று பார்த்து நோட்டின் பின் அட்டையில் எழுதி வையுங்கள்.

பிடித்தம்

ஜவுளிக்கடையில் சம்பளத்தைக் கரைப்பது இதுதான். லேட் ஃபைன், சீருடைக் கசங்கலுக்கு ஃபைன், சிரிக்கவில்லை என்று ஃபைன், ஸ்டாக் எடுக்கும்போது ஒரு பீஸ் குறைந்தால் செக்ஷனில் இருக்கிற எட்டுப் பேருக்கும் பங்கு போட்டு ஷார்ட்டேஜ். ஒரு நாள் சொல்லாமல் லீவு போட்டால் இரண்டு நாள் சம்பளம் கட்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பில் இதற்கெல்லாம் கட்டுப்பாடு இருக்கிறது. பழைய சட்டத்திலும் கிட்டத்தட்ட இதேதான் இருந்தது. ஒரு மாதத்தில் அபராதம் மொத்தமும் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, அதாவது 13,000 ரூபாய் சம்பளத்தில் 390 ரூபாய்தான். எதற்கெல்லாம் அபராதம் என்று முன்கூட்டியே அறிவிப்பு ஒட்டியிருக்க வேண்டும், உங்கள் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகே போட வேண்டும். வராத நாளுக்கு அந்த நாளுக்குரிய சம்பளம்தான் பிடிக்கலாம். காணாமல் போன சரக்குக்குப் பிடிக்க வேண்டுமானால் அந்தச் சரக்கு உங்கள் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும், உங்கள் கவனக்குறைவால்தான் போனது என்றும் இருக்க வேண்டும். ஆயிரம் பேர் ஏறி இறங்கும் மாடியில் ஒரு புடவை குறைந்ததற்கு எட்டுப் பெண்களின் சம்பளத்தில் கைவைப்பது இந்த இரண்டிலும் வராது.

ஷார்ட்டேஜ் என்று சொன்னால் ஒன்றே ஒன்று கேளுங்கள், சத்தம் போடாமல்: "சார், எந்த பீஸ், என்ன நம்பர், எழுதிக் கொடுங்க, நான் கையெழுத்துப் போடறேன்." எழுத்தில் கேட்டதும் பாதி ஷார்ட்டேஜ் காணாமல் போய்விடும், எங்கள் செக்ஷனில் அப்படித்தான் நடந்தது. ஆனால் வெற்றுத்தாளில் மட்டும் எந்தக் காரணம் சொன்னாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கால்

நான் சேர்ந்த புதிதில் ராத்திரி ஹாஸ்டல் மாடிப்படியைக் கையால் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் ஏறுவேன், குதிகாலைத் தரையில் வைக்க முடியாது. பக்கத்துக் கட்டில் அக்காவுக்கு முழங்காலுக்குக் கீழே நரம்பு பச்சைப் பாம்பு மாதிரி சுருண்டு கிடக்கும். அவர் பதினான்கு வருஷம் நின்றவர். கால் கரண்டைக்கு மேல் ஒரு புண், ஆறவே ஆறாது, தினமும் துணி கட்டிக்கொண்டு வருவார். அந்தக் கட்டு கஸ்டமருக்குத் தெரியக்கூடாது என்று புடவையை இறக்கிக் கட்டச் சொன்னார்கள்.

அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததையும், பின்னால் டாக்டர் சொன்னதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஒரே நிலையில் நிற்பதுதான் கெடுதல், நடந்தால் அவ்வளவு இல்லை. கெண்டைக்கால் சதை அசைந்தால்தான் காலுக்கு இறங்கிய ரத்தம் மேலே ஏறும். அதனால் கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், இருபது தடவை, ஒரு கஸ்டமர் போய் அடுத்தவர் வருவதற்குள் முடிந்துவிடும், யாருக்கும் தெரியாது. கவுன்ட்டருக்கு அடியில் சாமான் வந்த ஒரு உறுதியான தாழ்ந்த பெட்டியைப் போட்டு ஒரு காலை அதன்மேல் வையுங்கள், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை காலை மாற்றுங்கள். இடுப்பு வலி பாதி குறையும். செருப்பு, ஷூ எதுவானாலும் சாயங்காலத்தில் போய் வாங்குங்கள், காலையில் சரியாக இருப்பது ராத்திரிக்குள் கால் வீங்கி இறுக்கும். கடையில் செருப்பு போட விடமாட்டார்கள் என்றால் கெட்டியான சாக்ஸாவது போட அனுமதி கேளுங்கள். நரம்பு தெரிய ஆரம்பித்துவிட்டால் டாக்டரிடம் கேட்டு அதற்கென்று இருக்கும் இறுக்கமான காலுறையை வாங்குங்கள், காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

ராத்திரி வந்ததும் சுவர் ஓரமாகப் படுத்து இரண்டு காலையும் சுவரில் சாய்த்து மேலே தூக்கி வைத்துப் பதினைந்து நிமிஷம் இருங்கள். எங்கள் அறையில் எட்டுப் பேரும் வரிசையாக அப்படிப் படுத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போன் பேசுவோம். குதிகால் வலிக்கு, தண்ணீர் பாட்டிலை ஃப்ரீஸரில் வைத்துக் கட்டியாக்கி, துணி சுற்றி, உள்ளங்காலால் உருட்டுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தால் தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ரத்தக் குழாய்க்குள் ரத்தம் கட்டியிருக்கலாம்.

அப்புறம் தண்ணீர். பாத்ரூம் போக அனுமதி கேட்க வேண்டும், போனால் நேரம் பார்ப்பார்கள், ஊழியர் பாத்ரூம் மொட்டை மாடியிலோ அடித்தளத்திலோ இருக்கும், லிஃப்ட்டில் ஏறக்கூடாது. அதனால் பெண்கள் தண்ணீரே குடிக்க மாட்டோம். எனக்கு ஒரே வருஷத்தில் மூன்று தடவை சிறுநீர்த் தொற்று வந்தது, எரிச்சலோடும் காய்ச்சலோடும் நின்றுகொண்டு முகூர்த்தப் புடவை விரித்திருக்கிறேன். தண்ணீரைக் குறைக்காதீர்கள். செக்ஷனில் இரண்டு இரண்டு பேராகப் பேசி வைத்துக்கொண்டு, "நீ போய் வா, நான் உன் கவுன்ட்டரைப் பார்க்கிறேன்" என்று முறை போட்டுக்கொள்ளுங்கள். தனியாகப் போய் அனுமதி கேட்பவளைத்தான் திட்டுவார்கள்.

உட்காருவது உங்கள் உரிமை

கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று ஒரு கடைவீதி இருக்கிறது. அங்கே தையல் வேலை பார்த்த விஜி என்பவர் கடைப் பெண்களைச் சேர்த்துப் 'பெண்கூட்டு' என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். முதலில் அவர்கள் கேட்டது பாத்ரூம், அப்புறம் நாற்காலி. அந்தப் போராட்டம்தான் 2018-இல் கேரளத்தில் சட்டத் திருத்தமாக வந்தது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டசபையும் நம்முடைய 1947 சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது. ஒவ்வொரு கடையிலும் எல்லா ஊழியருக்கும் உட்கார வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவில் வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம், நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கும் நிலை கூடாது என்கிறது அது.

எங்கள் மாடிக்கு அதற்கப்புறம் ஆறு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. முதல் வாரம் யாரும் உட்காரவில்லை. சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கேமரா இருக்கிறதே என்று பயம். கால் புண் இருந்த அந்த அக்காதான் முதலில் உட்கார்ந்தார், ஒரு மத்தியான நேரம், கஸ்டமர் யாரும் இல்லாதபோது. உட்கார்ந்துகொண்டே ஒரு காஞ்சிபுரம் புடவையை மடித்தார், சரிகையை உள்ளே வைத்து, முந்தானையை மேலே வைத்து, எப்போதும்போல அழகாக. அதைப் பார்த்துத்தான் நாங்கள் உட்கார ஆரம்பித்தோம். உங்கள் கடையில் ஸ்டூல் இருந்தும் யாரும் உட்காரவில்லை என்றால், மடிக்கிற வேலை, விலைச்சீட்டுக் கட்டுகிற வேலையை உட்கார்ந்து செய்வதில் தொடங்குங்கள், வேலை நடப்பதால் யாரும் சட்டென்று குறை சொல்ல முடியாது. ஸ்டூலே இல்லை என்றால் அது புகார் கொடுக்கத்தக்க விஷயம், அதைக் கீழே சொல்கிறேன்.

கஸ்டமரும் சூப்பர்வைசரும்

அறுபது புடவை விரிக்கச் சொல்லிவிட்டு "சும்மா பார்க்கத்தான் வந்தோம்" என்று எழுந்து போவார்கள். அதில் கோபப்பட ஒன்றும் இல்லை, பார்ப்பது அவர்கள் உரிமை. விரித்த குவியலைப் பார்க்கும்போது வயிறு எரியும். அந்த மடிக்கிற நேரத்தை நான் எனக்கென்று வைத்துக்கொள்வேன். அவசரமில்லாமல், ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு மூச்சு, யாரோடும் பேசாமல். பத்துப் புடவை மடிப்பதற்குள் நெஞ்சுப் படபடப்பு அடங்கிவிடும்.

"ஏய்" என்று கூப்பிடுகிறவர்கள், விரலைச் சொடுக்குகிறவர்கள், விலைச்சீட்டை முகத்துக்கு நேரே ஆட்டுகிறவர்கள் வேறு ரகம். குரலை நீங்கள் உயர்த்தினால் கேமராவில் தெரிவது உங்கள் முகம்தான். "ஒரு நிமிஷம் மேடம், சூப்பர்வைசரைக் கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு இரண்டடி பின்னால் வந்துவிடுங்கள். விலைக்கும் தள்ளுபடிக்கும் பதில் சொல்வது அவர் வேலை, உங்கள் வேலை இல்லை.

சூப்பர்வைசர் கஸ்டமர் முன்னால் திட்டினால் அங்கேயே பதில் பேசாதீர்கள். சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு போய், "அண்ணே, தப்பு இருந்தா தனியா கூப்பிட்டுச் சொல்லுங்க, எல்லார் முன்னாடியும் அப்படிச் சொன்னது கஷ்டமா இருக்கு" என்று ஒரே வாக்கியமாகச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். சிலர் மாறுவார்கள். அவருக்கும் மேலே ஒரு மேனேஜர் டார்கெட் கேட்டுத் திட்டிக்கொண்டிருக்கிறார் என்பது உண்மைதான், ஆனாலும் அந்தத் திட்டு நம் தலையில் இறங்குவது நியாயமாகிவிடாது. மாறாதவர் என்றால் தேதி, நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் யார் இருந்தார்கள் எல்லாம் நோட்டில் ஏறட்டும். செக்ஷன் வாட்ஸப் குழுவில் மட்டும் கோபத்தைக் கொட்டாதீர்கள், ஸ்க்ரீன்ஷாட் அரை மணி நேரத்தில் மேலே போய்விடும்.

கை படுவது, இரட்டை அர்த்தப் பேச்சு, ராத்திரி போன் இதெல்லாம் 'பொறுத்துக்கொள்' என்ற கணக்கில் வராது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. சின்னக் கடை என்றாலோ, முதலாளி மேலேயே புகார் என்றாலோ மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தொந்தரவு செய்தவர் கஸ்டமராக இருந்தாலும் நடவடிக்கைக்கு உதவ வேண்டியது கடையின் பொறுப்பு. உடனடி உதவிக்கு 181.

தூக்கம் வராமல், காலையில் யூனிஃபார்மைப் பார்த்தாலே அழுகை வந்தால் 14416-க்குக் கூப்பிட்டுப் பேசுங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி, இலவசம், தமிழில் பேசுவார்கள். நான் ஒரு தடவை ஹாஸ்டல் மொட்டை மாடியிலிருந்து பேசியிருக்கிறேன், அந்தப் பக்கம் ஒருவர் குறுக்கிடாமல் கேட்டதே பெரிய ஆறுதலாக இருந்தது.

ஈ.எஸ்.ஐ., பி.எஃப்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் கடை, சம்பளம் 21,000-க்குள் என்றால் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உண்டு. உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம்தான் பிடிப்பார்கள், 13,000-க்கு நூறு ரூபாய்கூட வராது. முதலாளி 3.25 சதவீதம் போட வேண்டும். அந்த நூறு ரூபாய்க்கு, உங்களை நம்பியிருக்கும் பெற்றோர் உட்படக் குடும்பத்துக்கே வைத்தியம் கிடைக்கிறது. சென்னையில் கே.கே.நகரிலும் அயனாவரத்திலும் பெரிய ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. நோயால் வேலைக்குப் போக முடியாத நாளுக்கு, தேவையான நாள்கள் சந்தா கட்டியிருந்தால் சம்பளத்தில் 70 சதவீதம் வருஷத்துக்கு 91 நாள் வரை வரும், பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம். பல பேர் அட்டையே வாங்காமல் தனியார் கிளினிக்கில் பணத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், எனக்கு அதுதான் ஆற்றாமையாக இருக்கும்.

இருபது பேரோ அதற்கு மேலோ என்றால் பி.எஃப்., அதாவது வருங்கால வைப்பு நிதி. உங்களிடம் 12 சதவீதம், முதலாளியிடம் அதே அளவு. பிடித்தார்கள் என்று சீட்டில் இருந்தால் போதாது, கட்டினார்களா என்று பார்க்க வேண்டும். யு.ஏ.என். என்ற 12 இலக்க எண்ணைக் கேட்டு வாங்குங்கள், உமங் செயலியில் பாஸ்புக் பார்க்கலாம். பதிவு செய்த போனிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தாலும் இருப்புத் தொகை குறுஞ்செய்தியாக வரும். வேலை மாறும்போது அதே எண்ணையே கொடுங்கள், புது எண் போட விடாதீர்கள்.

கடையில் முன்பணம் வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. அக்கா கல்யாணம், அப்பா ஆஸ்பத்திரி என்று அவசரம் வரும், கடையும் தாராளமாகக் கொடுக்கும். ஆனால் அந்தக் கடன் இருக்கிற வரைக்கும் லீவு கேட்க வாய் வராது, வெளியே போகவும் முடியாது. மாதம் 500 ரூபாயானாலும் போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.யில் போட்டு வைத்தால் அந்த நிலைமை தள்ளிப்போகும்.

புகார் கொடுப்பது

தனியாகக் குதிக்காதீர்கள். முதலில் செக்ஷனில் மூன்று நாலு பேர் சேர்ந்து, ஒரே ஒரு கோரிக்கையோடு மேனேஜரிடம் போங்கள். ஸ்டூல் வேண்டும், அல்லது சாப்பாட்டுக்கு முழு ஒரு மணி நேரம் வேண்டும். பத்துக் கோரிக்கையோடு போனால் எதற்கும் பதில் வராது.

அதற்கும் நகரவில்லை என்றால் தொழிலாளர் துறை. ஒவ்வொரு மாவட்டத்திலும் தொழிலாளர் உதவி ஆணையர், அமலாக்கம் என்று ஓர் அலுவலகம் இருக்கிறது, அவருக்குக் கீழே ஆய்வாளர்கள். சென்னையில் ஆணையர் அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில். மனு ஒரு பக்கம் போதும்: கடையின் பெயர், முகவரி, எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள், என்ன குறை, எந்தத் தேதியிலிருந்து. "என் பெயரைக் கடைக்குத் தெரிவிக்க வேண்டாம், பொது ஆய்வாக வந்து பாருங்கள்" என்று நேரிலும் கேளுங்கள், எழுத்திலும் போடுங்கள். பெயர் சொல்லாமலே போக வேண்டும் என்றால் வீட்டில் ஒருவரைக் கொடுக்கச் சொல்லலாம். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம், 'முதல்வரின் முகவரி' என்ற அரசுக் குறைதீர்ப்புப் பிரிவுக்குப் போனில் 1100. எங்கே கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று நினைக்க வேண்டாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு, 15100-க்குக் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமல், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தராமல் அனுப்பக்கூடாது. "நாளைக்கு வராதே" என்று வாயால் சொன்னால் மறுநாளும் போய் நில்லுங்கள், உள்ளே விடவில்லை என்றால் அன்றைக்கே பதிவுத் தபாலில் "இன்று வேலைக்கு வந்தேன், அனுமதிக்கவில்லை" என்று கடிதம் அனுப்புங்கள். இல்லாவிட்டால் நீங்களாகவே நின்றுவிட்டதாக எழுதிக்கொள்வார்கள்.

கிளம்பும்போது

கோபத்தில் ஒரு நாள் காலையில் போகாமல் நின்றுவிடுவதுதான் நம்மில் அதிகம் பேர் செய்வது. அப்படிச் செய்தால் கடைசி மாதச் சம்பளம், போனஸ், விடுப்புச் சம்பளம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வருகிறோம். நாள் பார்த்துக் கிளம்புங்கள். தீபாவளி போனஸ் குறைந்தது 8.33 சதவீதம், அதை வாங்கிய பிறகு கிளம்பலாம். நாலரை வருஷம் ஆகிவிட்டது என்றால் இன்னும் ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள், ஐந்து வருஷம் முடித்தால் பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி உண்டு. ராஜினாமாவை எழுத்தில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள், வாங்க மறுத்தால் பதிவுத் தபால். கணக்கு முடித்து வரவேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது இப்போதைய சட்டம்.

நான் கிளம்பும்போது அக்கவுன்ட்ஸில் இருந்தவர், "பணிக்கொடை எல்லாம் ஆபீஸ் ஸ்டாஃபுக்குத்தான், சேல்ஸ் பிள்ளைகளுக்குக் கிடையாது" என்றார். நான் ஒன்பது வருஷமும் எழுதிய நோட்டுகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி எடுத்துப் போயிருந்தேன், பதினொரு நோட்டு. அதில் முதல் நோட்டின் முதல் பக்கத்தைக் காட்டினேன், சேர்ந்த தேதி இருந்தது. அப்புறம் தொழிலாளர் துறைக்கு மனு. கணக்கு சுலபம்தான்: கடைசி அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து 13,000. அதை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்தால் 7,500. ஒன்பது வருஷத்துக்கு 67,500. நாலு மாதம் அலைந்தேன், காசோலையாக வந்தது.

அதனால் இன்றைக்கு ராத்திரியே அந்த நோட்டை வாங்கிவிடுங்கள். முதல் பக்கத்தில் சேர்ந்த தேதி, பேசிய சம்பளம், பேசியது யார், யு.ஏ.என்., ஈ.எஸ்.ஐ. எண், 15100, 181, 14416. இரண்டாவது பக்கத்தில் நாளைக் காலை உள்ளே போகும் நேரம்.